ராணி வேண்டாம், யானை போதும்

செஸ் புரோகிராம்களின் பலத்தை உரசிப் பார்க்க உதவுகின்றன, மனிதர்கள் அமைத்த இறுதி ஆட்டப் புதிர்கள்

பலகையில் நான்கே காய்கள். வெள்ளைக்கு ராஜாவும் சிப்பாயும், கறுப்புக்கு ராஜாவும் யானையும். 1895ல் கிளாஸ்கோ பத்திரிகை ஒன்றில் இந்தப் புதிர் வந்தபோது டிராதான் முடிவு என்று அச்சாகியிருந்தது. ஃபெர்னாண்டோ சாவேத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் வெற்றிக்கு வழி கண்டார். சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டியதும் யாரும் ராணியைத்தான் கேட்பார்கள். கேட்டால் போச்சு. கறுப்பு தன் யானையைப் பலிக்கு நீட்டும். அதை வெட்டினால் கறுப்பு ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஆட்டம் டிரா. ராணிக்குப் பதில் யானையைக் கேட்டால் வெள்ளைக்கு ஜெயம்.

நேரத்தை மிச்சம் பிடிக்க ராணியை மட்டும் பரிசீலிக்கும் புரோகிராம் இங்கே சறுக்கிவிடும். மாதக்கணக்கில் சாதாரண ஆட்டம் ஆடினாலும் இந்தக் குறை வெளியே தெரியாது.

இன்று நான்கு காய் புதிர் குழந்தை விளையாட்டு. ஏழு காய்கள் வரையிலான நிலைகளுக்கு விடை அட்டவணையே 2012ல் மாஸ்கோவில் தயாராகிவிட்டது. எனவே கடினமான புதிர்கள் தேவை. 1987ல் பிரஸ்ஸல்ஸில் பிரிட்டிஷ் ஆட்டக்காரர் ஜேம்ஸ் பிளாஸ்கெட் காட்டிய புதிர் அப்படிப்பட்டது. அமைத்தவர் நெதர்லாந்தின் கைஸ் வான் பிரூக்கெலன். கிராண்ட்மாஸ்டர்கள் திணற, மிகயீல் டால் பூங்காவில் உலாவப் போய் விடையோடு திரும்பினார் என்பார்கள். சிப்பாய் ராணியாகிறது, உடனே அந்த ராணியையே பலி கொடுக்க வேண்டும்!

மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த 2022ல், இதே புதிரை இரண்டு புரோகிராம்களுக்குக் கொடுத்த ஆய்வு ஒன்று வெளியானது. ஏராளமான நகர்த்தல்களை அலசிப் பார்க்கும் ஸ்டாக்ஃபிஷ் விடை கண்டது. தனக்குத்தானே ஆடிக் கற்று, நல்லதாகத் தோன்றும் சில வழிகளையே துருவும் லீலா தோற்றது. அபத்தமாகத் தெரியும் நகர்த்தலை அது சீண்டவே விரும்பவில்லை.

இரண்டுமே இலவசம். நெய்யாற்றின்கரையில் செஸ் பழகும் சிறுவனும் இறக்கிக்கொண்டு, திரையில் தெரியும் மதிப்பெண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளலாம். ஆபத்து அங்கேதான்.

சோதனை ஒருவழிப் பாதையும் அல்ல. குதிரையும் ராஜாவும் இரண்டு மந்திரிகளைத் தடுத்து நிறுத்தும் என்று 1851 முதல் நம்பப்பட்ட ஒரு தற்காப்பை, 1980களில் கென் தாம்ப்ஸனின் கம்ப்யூட்டர் தகர்த்தது. அதை நம்பி அமைத்த புதிர்களும் கூடவே சரிந்தன.