எட்டில் ஒன்றும் ஆறில் ஒன்றும்: கெடாவில் இஸ்லாமியச் சட்டம்

பினாங்கு எல்லையில் மூடா ஆற்றைக் கடந்து திகாம் பத்து வழியாகச் சுங்கைப்பட்டாணிக்குச் செல்பவர், ஆற்றின் ஒரு கரையில் ஞாயிறன்று மூடிக் கிடக்கும் அரசு அலுவலகங்கள் மறுகரையில் திறந்திருப்பதைக் காணலாம். மறுகரையிலுள்ள கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை, முஸ்லிம்களின் மணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவற்றை மாநிலங்களின் பொறுப்பில் விட்டிருப்பதால், இஸ்லாமியச் சட்டம் இங்கு மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனிச் சட்டமாக எழுதப்பட்டுள்ளது. தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்கு இச்சட்டத்தின் பெயர் தெரிந்த அளவுக்கு அதன் உள்ளடக்கம் தெரிவதில்லை. தெரியாமையின் விலை, பெரும்பாலும் ஒருவர் இறந்த பிறகே விளங்குகிறது.

இறைவன் வகுத்த நெறியாக முஸ்லிம்கள் ஏற்பது ஷரீஅத். அந்நெறியை மூலநூல்களிலிருந்து அறிஞர்கள் ஆய்ந்து விரித்த சட்ட நூல்துறை பிக்ஹு. அத்துறையில் உருவான சிந்தனைப் பள்ளிகளே மத்ஹபுகள். சுன்னி முஸ்லிம்களிடையே நிலைத்த நான்கு மத்ஹபுகளுள் தமிழரிடம் வேரூன்றியவை இரண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் பெரிதும் ஷாபிஈ வழியினர். உள்நாட்டு ராவுத்தர்கள் பெரிதும் ஹனபி வழியினர். கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், அரபு எழுத்தில் தமிழ் எழுதும் அர்வியில் ஷாபிஈ சட்டத்தை விளக்கிய அறிஞர் என்பதிலிருந்து, இத்துறை தமிழில் நேற்றுத் தோன்றியது அன்று என்பது விளங்கும். கெடாவின் மலாய் முஸ்லிம்கள் ஷாபிஈ வழியினர் ஆதலால், தமிழகத்திலிருந்து வந்த மரைக்காயருக்கு இங்குள்ள நடைமுறை பழகியதாகவும், ராவுத்தருக்குச் சில இடங்களில் புதிதாகவும் இருந்தது.

வழிபாட்டில் இவ்வேறுபாடு சிறியது. ஒரு பொருளின் நிழல், நண்பகலில் இருந்த அளவு நீங்கலாக, அப்பொருளின் நீளத்தை எட்டியதும் அஸர் தொழுகை நேரம் தொடங்குகிறது என்பது ஷாபிஈ கருத்து. இரு மடங்கு நீள வேண்டும் என்பது இமாம் அபூஹனீபாவின் கருத்து. எனினும் அவருடைய மாணவர்களான அபூயூசுபும் முஹம்மதும் ஒரு மடங்கையே ஏற்றதால், ஊர்ப் பள்ளியின் பாங்கு எனும் தொழுகை அழைப்பைக் கேட்டுத் தொழும் ஹனபி வழியினர் தம் மத்ஹபை விட்டு விலகியவர் ஆகார். வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகையான ஜும்ஆவுக்கு ஊரில் நிலையாக வாழும் நாற்பது ஆண்கள் வேண்டும் என்பது ஷாபிஈ விதி. ஹனபி வழியில் இமாமைத் தவிர மூவர் போதும். நான்கைந்து முஸ்லிம் குடும்பங்களே உள்ள தோட்டத்தில் சூராவ் எனும் சிறு தொழுகையிடம் இருந்தாலும், வெள்ளியன்று ஊர்ப் பள்ளிவாசலுக்குச் செல்ல வேண்டியிருப்பதன் காரணங்களுள் இந்த நாற்பது பேர் விதியும் ஒன்று. இவற்றில் ஐயம் எழுந்தால் இமாமிடம் கேட்டுத் தெளியலாம். நீதிமன்றம் வரை செல்ல வேண்டியதில்லை.

திருமணத்தில் நிலை மாறுகிறது. ஷாபிஈ சட்டப்படி நிக்காஹுக்கு மணமக்கள், இரு சாட்சிகள், ஈவு-ஏற்பு மொழி ஆகியவற்றோடு மணமகளின் வலீ, அதாவது தந்தை முதலிய ஆண்வழிப் பொறுப்பாளரும் வேண்டும். வயது வந்த, அறிவு தெளிந்த பெண் தன் நிக்காஹைத் தானே செய்துகொள்ளலாம் என்பது அபூஹனீபாவின் கருத்தாயினும், கெடாவின் பதிவு அலுவலகத்தில் அது செல்லாது. தோட்டப்புறத்தில் அடிக்கடி எழும் கேள்வி, இஸ்லாத்தைத் தழுவிய பெண்ணின் இந்துத் தந்தை வலீ ஆக முடியுமா என்பது. முடியாது, சுல்தானின் அதிகாரத்தை ஏற்ற வலீ ஹாக்கிம் அவ்விடத்தில் நிற்பார். தந்தையின் ஆசியைப் பெறுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். மஹர் என்பது மணமகன் மணமகளுக்கே தரும் உரிமைப்பொருள். தமிழகத்திலும் இலங்கையிலும் எதிர்த்திசையில் பாயும் வரதட்சிணைக்கும் கைக்கூலிக்கும் பிக்ஹில் ஆதாரம் இல்லை.

மணவிலக்கில் ஒரு நுட்பம் பலரைத் தடுமாறச் செய்கிறது. நீதிமன்றத்தின் அனுமதியின்றிக் கணவன் தலாக் சொல்வது மலேசிய மாநிலச் சட்டங்களில் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் அது குற்றம் என்பதாலேயே தலாக் நிகழவில்லை என்று ஆகிவிடாது. நிகழ்ந்ததா இல்லையா என்பதை ஷரீஅத் நீதிமன்றமே விசாரித்து முடிவு செய்யும். அம்முடிவுக்குக் காத்திராமல் சேர்ந்து வாழ்வதும், பிரிந்து மறுமணம் புரிவதும் ஒருங்கே ஆபத்தானவை.

வாரிசுரிமையே இத்துறையின் கடினமான பகுதி. குர்ஆனின் நான்காம் அத்தியாயம் வகுக்கும் பங்குமுறைக்குப் பராயித் என்று பெயர். ஒருவர் மனைவி, தாய், இரு மகன்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறந்தார் என்றும், எல்லாக் கழிவும் போக 240,000 ரிங்கிட் எஞ்சியது என்றும் கொண்டால், எட்டில் ஒன்றாகிய 30,000 மனைவிக்கும், ஆறில் ஒன்றாகிய 40,000 தாய்க்கும் சேரும். மிச்சமுள்ள 170,000 மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஐந்து கூறாகி, மகன்கள் ஒவ்வொருவருக்கும் 68,000, மகளுக்கு 34,000 கிடைக்கும்.

மேற்சொன்ன கழிவு என்ற சொல்லுக்குள்தான் பாதி வழக்கு அடங்கியிருக்கிறது. அடக்கச் செலவும் கடனும் முதலில் தீர வேண்டும்; நிறைவேற்றாத ஜகாத் எனும் கட்டாயக் கொடையும் கடனே. அடுத்து, மணவாழ்வில் இருவர் உழைப்பாலும் சேர்ந்த சொத்தில், மலாயில் ஹர்த்தா செபென்சாரியான் எனப்படும் உரிமையை மனைவி கோரலாம். அரபு நூல்களில் காணப்படாத இம்மலாய் வழக்கை நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. 1927ஆம் ஆண்டின் ராமா எதிர் லாத்தோன் வழக்கில், இஸ்லாமியச் சட்டம் அயல்நாட்டுச் சட்டம் அன்று, இம்மண்ணின் சட்டம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்ததும் இவ்வகை உரிமையை ஒட்டியே. கணவனோடு கடை நடத்திய பெண் எட்டில் ஒன்றோடு ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் பங்கீடு முடியுமுன் அவர் கோர வேண்டும். அதன் பின்னர், வசிய்யத் எனப்படும் உயில் மூன்றில் ஒரு பங்குக்குள் செல்லும். பிற வாரிசுகள் இசைந்தாலன்றி வாரிசு ஒருவருக்கு அது செல்லாது.

பங்கு தெரிந்தபின் வாரிசுகள் மனமொப்பி வேறு விதமாகப் பிரித்துக்கொள்வதைப் பிக்ஹு தடுப்பதில்லை. தகாருஜ் எனும் இம்முறை இல்லையேல், அரை ஏக்கர் ரப்பர் நிலத்தின் பட்டாவில் பதினைந்து பேர் பின்னப் பங்குகளோடு நிற்பதைத் தவிர்க்க இயலாது. நிலம் சேர்ந்த சிறு மரபுச் சொத்துகளை 1955ஆம் ஆண்டின் சட்டப்படி பங்கீட்டு அலுவலகமே பிரித்துத் தருகிறது. ஊழியர் சேமநிதியில் குறிப்பிடப்படும் பெயர் இன்னொரு பொறி. முஸ்லிம் அல்லாதவர் குறிப்பிடும் நபர் தொகைக்கே உரியவராகிறார். முஸ்லிம் குறிப்பிடும் நபர், 1973ஆம் ஆண்டின் தேசிய பத்வா எனும் சமயத் தீர்ப்பின்படி, வாரிசுகளுக்குப் பிரித்துத் தரும் பொறுப்பாளர் மட்டுமே. பணத்தை எடுத்துத் தானே வைத்துக்கொள்ளும் மூத்த மகன், சட்டத்தில் உடன்பிறந்தாருக்குக் கடன்பட்டவர்.

இரு சமயங்கள் ஒரு குடும்பத்தில் சந்திக்கும் இடத்தில் சட்டம் அண்மையில் நகர்ந்துள்ளது. இந்திராகாந்தி என்ற மலேசிய இந்துத் தாய் தொடுத்த வழக்கில் 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம், குழந்தையை மதம் மாற்றப் பெற்றோர் இருவரின் இசைவும் வேண்டும் என்று தீர்த்தது. அதே ஆண்டு டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், துணைவர் மதம் மாறினாலும் பழைய மணத்தின் வழக்கைக் குடிமை நீதிமன்றமே விசாரிக்க வகைசெய்தது. மணம் முறியாமலே மதம் மாறியவர் இறந்தால், மாறாத துணைவரும் பிள்ளைகளும் அவர் சொத்தில் பங்கு கேட்கவும் இடம் தந்தது.

ஆயினும் பராயித்தில் முஸ்லிமும் முஸ்லிம் அல்லாதவரும் ஒருவருக்கொருவர் வாரிசு ஆவதில்லை. இஸ்லாத்தைத் தழுவிய மகனின் வருமானத்தில் வாழும் இந்துத் தாய்க்கு, அந்த ஆறில் ஒன்று கிடைக்காது. வாரிசு அல்லாதவர் என்பதாலேயே, மூன்றில் ஒன்றுக்குள் வசிய்யத்தாகவோ, வாழும் காலத்திலேயே ஹிபா எனும் கொடையாகவோ அவருக்குத் தரலாம். இரண்டையும் மகன் உயிரோடிருக்கும்போதே எழுத வேண்டும்.