பார்த்து வரைதலும் ஒரு பாடமே

1868-ஆம் ஆண்டு தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்தார். அவர் வரைவதைப் பார்க்க மட்டுமே இளைஞர் ரவிவர்மாவுக்கு அனுமதி கிடைத்தது. பார்த்ததைத் தாமே செய்து பழகி, எண்ணெய் வண்ணக் கலையில் அவர் தேர்ச்சி பெற்றார். ஆசிரியர் அருகில் இல்லாத நமக்கும் சிறந்த ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைவது நல்ல வழியாகும்.

பெருமாட்டியில் பணிபுரியும் நான் இதற்கெனத் தேர்ந்தது, சால்வடோர் டாலி 1931-இல் தீட்டிய ‘நினைவின் நிலைபேறு’. கனவில் தோன்றுவனவற்றை நேரில் கண்டதுபோல் துல்லியமாகக் காட்டும் மீமெய்யியல் ஓவியம் அது. துவண்டு தொங்கும் கடிகாரங்கள், துயிலும் முகம் போன்றதோர் உருவம், பின்னே கடலும் பாறைகளும் அதில் உள்ளன. அளவோ ஏறத்தாழ 24×33 சென்டிமீட்டர்தான். சிறிய கேன்வாஸ் போதும். நிலக்காட்சியை முதலில் வரைந்து, கடிகாரங்களைப் பின்னரே சேர்த்ததாக டாலி தம் வாழ்க்கை வரலாற்றில் கூறுகிறார். கற்பவர்க்கும் அவ்வரிசையே உகந்தது.

முதலில் பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, ஒளியையும் நிழலையும் மட்டும் குறிக்க வேண்டும். அடுத்து வானம்: அடிவானத்து மஞ்சளும் மேலுள்ள நீலமும் கலக்கும் எல்லையை மென்மையான உலர்ந்த தூரிகையால் நீவிவிட வேண்டும். அது உலர்ந்தபின் உருவங்கள். இறுதியாக அவற்றின் நிழல்கள். நிழல் சரியாக விழுந்தால்தான் நடவாத காட்சியும் நம்பும்படி அமையும்.

என் முதல் படம் சில மாதங்களில் வெடித்தது. அடிப்பூச்சில் எண்ணெயை மிகுதியாகக் கலந்ததே காரணம். ஆளிவிதை எண்ணெய் நீர்போல் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து மெல்ல இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த அடிப்பூச்சு இறுகுமுன் மேற்பூச்சு விறைத்துவிட்டால் விரிசல் விழும். ஆகவே கீழே எண்ணெய் குறைவாகவும், மேலே செல்லச் செல்லச் சற்று மிகுதியாகவும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் உலரும் நாள்கள் கூடும். வார்னிஷ் பூச ஆறு மாதமேனும் பொறுத்திருத்தல் நலம்.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி வைத்தல் ஆகாது. எண்ணெய் இறுகும்போது உண்டாகும் வெப்பத்தால் அவை தாமே தீப்பற்றக்கூடும். நீர் நிறைந்த மூடியிட்ட டப்பாவில் இடுவதே பாதுகாப்பு.

கையொப்பத்தின் மதிப்பை வங்கியாளர் அறிவர். எனவே படத்தின் பின்புறம் ‘டாலியைப் பார்த்து வரைந்தது’ என எழுதி, என் பெயரையும் நாளையும் குறித்தேன். பயிற்சிப்படி விற்பனைக்குரியதன்று. அடுத்த கேன்வாஸில் கடற்பாறைகள் இரா. நம் சித்தூர் வட்டத்துப் பனைமரங்களே நிற்கும்.