பெயரறிதலே பாதி மருத்துவம்

ஒரு குடும்பத்தின் சேமிப்பு எவ்வாறு கரைகிறது என்பதை வங்கிப் பணியில் இருக்கும் நாங்கள் அருகிலிருந்து காண்கிறோம். கல்வி, திருமணம், வீடு எனத் திட்டமிட்டுச் செய்யப்படும் செலவுக்கு ஒரு வரம்பு உண்டு; நாளும் உண்டு. நோய்க்காக முதிர்வுக்கு முன்பே முறிக்கப்படும் வைப்புநிதிக்கும், அவசரமாக அடகு வைக்கப்படும் நகைக்கும் அவ்வாறான வரம்பு இருப்பதில்லை. அவற்றுள்ளும் மிகக் கடினமானது, இன்ன நோய் என்று தெரியாமலேயே மருத்துவமனை மாறி மருத்துவமனையாக அலையும் குடும்பத்தின் நிலை. மருந்துக்குச் செலவாக வேண்டிய பணம், நோயின் பெயரைத் தேடுவதிலேயே தீர்ந்துபோகிறது.

இத்தகைய அலைச்சலுக்குப் பெரும்பாலும் ஆளாவோர் அரிய நோய் கொண்டவர்களே. ஆயிரம் பேரில் ஒருவருக்கோ அதனினும் குறைந்த அளவிலோ காணப்படும் நோயை அரிய நோய் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2,000 பேரில் ஒருவர் என்ற அளவைக் கொள்கிறது. இவ்வகையில் ஏறத்தாழ 7,000 நோய்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஏறக்குறைய 80 விழுக்காடு மரபணுக் குறைபாட்டால் வருபவை. தனித்தனியே எடுத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் அரிது; அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் பாதிக்கப்பட்டோர் பெருந்தொகையினர். ஒரு பொது மருத்துவர் தமது பணிக்காலம் முழுவதிலும் இவற்றுள் ஒரு குறிப்பிட்ட நோயை ஒருமுறைகூடக் காணாமல் போகலாம். ஆகவே, அந்நோய் அவர் முன் வரும்போது அதனை வேறொன்றாகக் கருதிவிடுவது இயல்பே.

பெரும்பான்மையான அரிய நோய்களுக்கு இன்னும் உரிய மருந்து இல்லை என்பது உண்மை. எனினும் அந்த உண்மை, மருந்து உள்ள நோய்களையும் மறைத்துவிடக் கூடாது. மலிவான மருந்தாலேயே கட்டுப்படுத்தக்கூடிய அரிய நோய்களும் உண்டு. அத்தகையதொரு நோயைப் பற்றிய நெடுங்கால அனுபவம் நம் பெங்களூருவிலேயே இருக்கிறது.

செம்பு சேரும் உடல்

ஓசூர் சாலையில் அமைந்துள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனத்தை நாம் அனைவரும் நிமான்ஸ் என்ற பெயரால் அறிவோம். 1954-இல் தொடங்கப்பெற்ற அகில இந்திய மனநல நிறுவனமும் மாநில மனநல மருத்துவமனையும் 1974-இல் இணைக்கப்பட்டு இந்நிறுவனம் உருவாயிற்று. கர்நாடகத்திலிருந்து மட்டுமன்றி ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகின்றனர். இங்குள்ள நரம்பியல் மருத்துவர்கள், மூன்று பத்தாண்டுக் காலத்தில் தாம் ஆராய்ந்த 282 வில்சன் நோயாளிகளைப் பற்றிய விரிவான ஆய்வை 2007-இல் வெளியிட்டனர். ஓர் அரிய நோயைப் பற்றி ஒரே நிறுவனத்தில் திரண்ட இத்தகைய அனுபவம் உலக அளவிலேயே குறிப்பிடத்தக்கது.

வில்சன் நோய் என்பது என்ன? நாம் உண்ணும் உணவில் சிறிதளவு செம்பு இருக்கிறது. உடலின் தேவைக்கு மிஞ்சிய செம்பைக் கல்லீரல் பித்தநீரின் வழியே வெளியேற்றிவிடும். இப்பணியைச் செய்யும் மரபணு பழுதுபட்டால் செம்பு வெளியேறாது. முதலில் கல்லீரலிலும், பின்னர் மூளையிலும் கண்ணிலும் பிற உறுப்புகளிலும் அது படியத் தொடங்கும். லண்டன் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் 1912-இல் இந்நோயை விரிவாக விவரித்தார். ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு இது வரக்கூடும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்நோய் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பருவத்தில் தலைகாட்டும். அது வரும் வேடங்கள் பல. ஒருவருக்கு அது மஞ்சள் காமாலையாகத் தோன்றும். மற்றொருவருக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும், வாயில் எச்சில் வடியும். வேறொருவருக்கு மூட்டுகளும் எலும்புகளும் பாதிக்கப்படும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மாணவனின் கையெழுத்து சிதைந்து, மதிப்பெண் குறைந்து, காரணமற்ற கோபமும் வருத்தமும் கூடும். பிள்ளை படிப்பில் அக்கறை இழந்துவிட்டான் என்று பள்ளியும், வயதுக் கோளாறு என்று வீடும், காற்று கருப்பு என்று ஊரும் கருதுவதற்கு இடமுண்டு. கல்லீரல் மருத்துவர், எலும்பு மருத்துவர், மனநல மருத்துவர் என ஒவ்வொருவரும் தத்தம் துறைக்குரிய பகுதியை மட்டும் கண்டு சிகிச்சை அளிக்கும்போது, உள்ளே செம்பு படிவது தொடர்ந்துகொண்டே இருக்கும்.

இத்தனை வேடங்களையும் கலைக்கும் பரிசோதனைகள் எளியவை. கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் கருவியின் வழியே நோக்கினால், கருவிழியின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரியக்கூடும். நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோருக்கு இவ்வளையம் காணப்படும். இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்னும் புரதத்தின் அளவையும், 24 மணி நேரச் சிறுநீரில் வெளியேறும் செம்பின் அளவையும் கணக்கிட்டால் ஐயம் பெருமளவு தெளியும். இவற்றைச் செய்யவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுவதே அரிது.

மருந்தும் எட்டாததன்று. உடலில் படிந்த செம்பைப் பற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றும் பெனிசிலமின் என்ற மருந்தை ஜான் வால்ஷ் என்னும் மருத்துவர் 1956-இல் அறிமுகப்படுத்தினார். உணவிலுள்ள செம்பைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கத் துத்தநாக உப்பு பின்னர்ப் பயன்பாட்டுக்கு வந்தது. இரு மருந்துகளையும் உட்கொண்டு நிலைபெற்ற நோயாளிகளுக்கு, மருத்துவக் கண்காணிப்பில் பெனிசிலமினை நிறுத்தி, துத்தநாக சல்பேட்டை மட்டும் தொடரும் முறையை நிமான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அது நம்பிக்கையளிப்பதாகவும் பாதுகாப்பானதாகவும் மலிவானதாகவும் இருப்பதாக 2008-இல் எழுதினர். மருந்தின் விலை, மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதையே தீர்மானிக்கும் நாட்டில் இவ்வாய்வின் பயன் பெரிது.

சிகிச்சை வாழ்நாள் முழுவதும் தொடரவேண்டும். உடல் தேறிவிட்டது என்று மருந்தைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே கேடாகலாம். ஈரல், சிப்பி வகைகள், கொட்டைப் பருப்புகள், காளான், சாக்லேட் போன்ற செம்பு மிகுந்த உணவுகளைத் தவிர்க்குமாறு மருத்துவர் அறிவுறுத்துவார். செப்புக் குடத்தில் நீர் வைத்துப் பருகும் நமது வழக்கம் இந்நோயாளிகளுக்கு உதவாது.

உடன்பிறந்தோரையும் பாருங்கள்

வில்சன் நோய் வர, பழுதுபட்ட மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வரவேண்டும். பெற்றோர் இருவரும் நோயின்றி நலமாகவே இருப்பர். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எனவே, வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் உறுதியானால், உடன்பிறந்த அனைவரையும் பரிசோதித்தே ஆகவேண்டும். அறிகுறி தோன்றுமுன் கண்டறிந்து மருந்தைத் தொடங்கினால், அந்தத் தம்பியோ தங்கையோ ஏனையோரைப் போலவே வாழ இயலும். மூத்த பிள்ளைக்குத் தாமதமாகக் கிடைத்த விடை, இளைய பிள்ளைக்கு உரிய நேரத்தில் கிடைத்த காப்பாகிறது.

இம்முறையில் வரும் நோய்களே அரிய நோய்களுள் பல. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என உறவில் மணம் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இன்றும் பரவலாக உள்ளது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இவ்விரு மாநிலங்களிலும் மணமான பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இரத்த உறவில் மணந்தவர்கள். ஒரே முன்னோரிடமிருந்து ஒரே பழுது இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்பு இத்தகைய மணங்களில் கூடுதல். உறவில் மணக்காவிடினும் தலைமுறைகளாகத் தம் பிரிவுக்குள்ளேயே மணம் கொள்ளும் சமூகங்களிலும் இவ்வாய்ப்பு உண்டு என்பதை 2017-இல் வெளியான மரபணு ஆய்வொன்று தெளிவாக்கியது. இதில் யாரையும் குறை கூற ஏதுமில்லை. குடும்பத்தில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தையோ, நெடுநாள் விளங்காத நோயோ இருந்தால், திருமணத்துக்கும் அடுத்த கருவுக்கும் முன்பாக மரபியல் ஆலோசனை பெறுவது நலம்.

பிறந்த சில நாளில் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தால் பல வளர்சிதைமாற்றக் குறைபாடுகளை அறிய முடியும். பல நாடுகளில் இது எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப்படுகிறது. 1980-களிலேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அறிவியலாளர்கள் கர்நாடகத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பச்சிளங்குழந்தைகளிடம் அமினோ அமிலக் குறைபாடுகளுக்கான பரிசோதனையை நடத்தினர் என்பது நம் நகரின் பெருமை. இன்று பல மருத்துவமனைகளில் இப்பரிசோதனை கிடைக்கிறது. பெற்றோர் கேட்டுப் பெறவேண்டும்.

எங்குச் செல்வது?

2021 மார்ச் மாதத்தில் நடுவண் அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. அது நோய்களை மூன்றாகப் பகுக்கிறது. ஒருமுறை செய்யும் சிகிச்சையால் குணமாகக்கூடியவை முதல் பிரிவு. நெடுநாள் சிகிச்சை தேவைப்பட்டாலும் செலவு ஒப்பீட்டளவில் குறைந்தவை இரண்டாம் பிரிவு. மருந்து இருந்தும், வாழ்நாள் முழுவதும் மிகுந்த செலவு பிடிப்பவை மூன்றாம் பிரிவு. 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கொள்கையின் பட்டியலில் உள்ள எந்தப் பிரிவு நோயாயினும், சீர்மிகு மையங்களில் பெறும் சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. இத்தொகை மருத்துவ மையத்துக்கே வழங்கப்படும்.

முதலில் அறிவிக்கப்பட்ட எட்டு மையங்களுள் ஒன்று பெங்களூருவில் உள்ளது. மின்னணு நகரிலுள்ள மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் இணைந்து அதனை நடத்துகின்றன. பின்னர் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் இப்பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மருத்துவரிடம் செல்லும்போது நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பழைய பரிசோதனை அறிக்கைகள் அனைத்தையும் நாள்வரிசைப்படி ஒரே கோப்பில் வைத்திருங்கள். தாத்தா, பாட்டி தொடங்கி மூன்று தலைமுறைக்கு யார் யாருக்கு என்ன நோய், யார் உறவில் மணந்தவர் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வந்து வந்து மறையும் நடுக்கத்தையோ வலிப்பையோ கைபேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள். பல உறுப்புகளில் தொடர்பற்றது போலத் தோன்றும் தொல்லைகள் இருந்தால், "இவை அனைத்துக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடுமா? மரபியல் மருத்துவரைக் காண வேண்டுமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பணத்தின் பக்கம்

வங்கியாளர் என்ற முறையில் நாங்கள் வலியுறுத்த விரும்புவன சில. மரபணு நோய் என்ற காரணத்தைக் காட்டி மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கையை மறுக்கும் விதி செல்லாது என்று 2018 பிப்ரவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனையடுத்து, அக்காரணத்தால் கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது எனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் 36 மாதங்களுக்கு மேற்படக் கூடாது. எனவே, குடும்பம் நலமாக இருக்கும்போதே காப்பீடு எடுத்து, இடைவெளியின்றிப் புதுப்பித்து வருவதே அறிவுடைமை. அறிந்த நோயை விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம்.

மாற்றுத்திறனாளியான சார்ந்திருப்போரைப் பேணுவோருக்கு, 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 80டிடி பிரிவில் 75,000 ரூபாயும், கடுமையான ஊனமாயின் 1,25,000 ரூபாயும் கழிவு அளித்தது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்போருக்கே இது பொருந்தும். தேசியக் கொள்கையில் இடம்பெற்ற நோய்களுக்காகச் சொந்தப் பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்யும் மருந்துகளுக்கும் சிறப்பு உணவுகளுக்கும், 2023 ஏப்ரல் முதல் அடிப்படைச் சுங்க வரி இல்லை. உரிய அரசு மருத்துவ அதிகாரியின் சான்று வேண்டும். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சில அரிய நோய்களின் ஆண்டுச் செலவு 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய்க்கு மேல்கூட ஆகலாம் என்று அரசே அப்போது குறிப்பிட்டது. அந்நிலையில் இவ்விலக்கின் அருமை விளங்கும்.

பிறருக்கு உதவ விழைவோருக்கும் ஒரு சொல். கைபேசியில் பரவும் ஒவ்வொரு வேண்டுகோளையும் நம்பிப் பணம் அனுப்புவதைவிட, தேசியக் கொள்கையின்கீழ் அரசு ஏற்படுத்தியுள்ள இணையதளத்தின் வழியாக நன்கொடை வழங்குவது பாதுகாப்பானது. அங்கு நோயாளிகளின் விவரத்தைச் சீர்மிகு மையங்களே பதிவு செய்கின்றன.

கோடி ரூபாய் மருந்து தேவைப்படும் நோய்களுக்குச் சமூகமும் அரசும் கூடியே வழி காணவேண்டும். ஆனால் ஒரு கண் பரிசோதனையாலும் சில மாத்திரைகளாலும் காக்கக்கூடிய பிள்ளையை, நோயின் பெயர் தெரியாத ஒரே காரணத்தால் இழப்பது எந்தக் குடும்பத்துக்கும் நேரக் கூடாது. விளங்காத நோய் வீட்டில் இருக்குமாயின், அடுத்த வைப்புநிதியை முறிக்குமுன், சிதறிக் கிடக்கும் அறிக்கைகளை ஒருங்கு திரட்டி உரிய மையத்தை நாடுங்கள். உடன்பிறந்த பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.