சூலக்கரைக்கு எதுக்கய்யா ஹீட்டர்?

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிற பஸ்ஸில், சூலக்கரை வந்ததும் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொள்வார்கள். சுடும்! சித்திரை, வைகாசி என்றில்லை... மார்கழி மத்தியானம்கூட எங்கள் ஊரில் ஸ்வெட்டர் போட்டவரைப் பார்த்தால், "பாவம், என்ன வியாதியோ!" என்று விசாரிப்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் போய், "தம்பி, என் வேனுக்கு ஒரு ஹீட்டர் போடணும்" என்றேன்.

மெக்கானிக் தம்பி ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லையே அண்ணாச்சி! ஏசி போடச் சொல்லி ஆயிரம் பேர் வந்திருக்காக. ஹீட்டர் கேட்டு வந்த முதல் ஆளு நீங்கதான்!"

அவர் சிரித்ததில் தப்பில்லை. விஷயத்தைச் சொன்னால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

எங்கள் ஊரை ஒட்டிப் போகிறதே நாலு வழிச்சாலை... அது சாதாரண ரோடு இல்லை. தேசிய நெடுஞ்சாலை 44. கன்னியாகுமரியில் ஆரம்பித்து, மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி ஸ்ரீநகரில் முடிகிறது. முப்பது வருஷமாக அந்த ரோட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். தீப்பெட்டியும் பட்டாசும் ஏற்றிய லாரிகள் வடக்கே போவதைப் பார்த்துப் பார்த்து, "ஒருநாள் நாமும் இந்த ரோட்டின் அந்த முனையைப் பார்த்துவிட வேண்டும்" என்று ஆசை. ரிட்டயர் ஆன கையோடு பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பின் ஸீட்டுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு படுக்கை போட்டேன்.

"ஏங்க, பனி பெய்யிற ஊருக்குப் போறோம்ங்கிறீங்க... ராத்திரி வண்டிக்குள்ள குளிருமே?" என்றாள் என் மனைவி.

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்!" என்றேன். உலகத்தில் பாதி விபத்துகள் இந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

வெள்ளோட்டம் விட கொடைக்கானல் போனோம். நான், மனைவி, ஏழு வயசுப் பேத்தி. வழியில் விருதுநகர் எண்ணெய் பரோட்டா பார்சல். ராத்திரி பல் கிடுகிடுத்தது. எனக்கோ ஏற்கெனவே யோசனை தயார்! ஜன்னல் இடுக்கையெல்லாம் பழைய பேப்பரைத் திணித்து அடைத்தேன். கரி அடுப்பை வெளியே வைத்துப் பற்றவைத்து, புகை அடங்கிக் கங்கு பழுத்ததும் உள்ளே கொண்டுவந்து நடுவில் வைத்தேன். பத்தே நிமிஷத்தில் வண்டி வெதுவெதுவென்று ஆகிவிட்டது. "பார்த்தியா!" என்று மீசையை முறுக்கிவிட்டுப் படுத்தேன்.

நடுராத்திரி பேத்தி எழுந்து, "தாத்தா, தலை வலிக்குது" என்றாள். மனைவியும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கும் நெற்றிப்பொட்டில் சுத்தியல் அடித்தது. "மலைப்பாதை வளைவு... அதோட அந்தப் பரோட்டா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் குழந்தை வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். படுக்கை நாறிவிடுமே என்று மனைவி கதவை இழுத்துத் திறந்தாள். நான் எழுந்து நிற்கப் பார்த்தேன். கால் என்னுடையதாகவே இல்லை. பொத்தென்று விழுந்தேன். விழுந்தது நல்லவேளையாக வெளியே!

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "உள்ளே என்ன எரிஞ்சது?"

சொன்னேன். "என்ன வேலை பார்த்தீங்க?" என்றார்.

"பட்டாசு ஆலையில போர்மேன் சார்."

டாக்டர் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

ஆமாம் சார்! ஆலைக்குள் இரும்புச் சாமான் கூடாது, செருப்பு கூடாது, செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே வரணும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்கணும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன் நான். நெருப்பு வெடிக்கும், சுடும்... தெரியும். ஓசைப்படாமல் தூங்கவைத்தே கொல்லும் என்பது தெரியவில்லை.

கரி, கேஸ், டீசல் எதுவானாலும் காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. கங்கில் புகை அடங்கிவிட்டதே என்று நான் நினைத்தேனே, அந்தப் பழுத்த கங்குதான் இதைக் கக்குகிறது! நம் ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காரவேண்டிய இடத்தில் இது ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிடிப்பு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி... பித்தம் என்றோ பரோட்டா என்றோ நினைத்துத் திரும்பிப் படுத்தால் எழுந்திருக்க முடியாது.

நாங்கள் பிழைத்தோம். எல்லோரும் பிழைக்கவில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலைக்குச் சுற்றுலா போன கேரளத்துக்காரர்கள் 8 பேர், அறைக்குள் கேஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கி, எழுந்திருக்கவேயில்லை. அதில் குழந்தைகளும் உண்டு. 2024 ஆகஸ்டில் இதே கொடைக்கானலில், இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள்ளேயே வைத்துவிட்டுப் படுத்த இரண்டு வாலிபர்கள் போய்விட்டார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். அவர்கள் ஹீட்டர்கூடப் போடவில்லை. ஏசி ஓட ஜெனரேட்டர் போட்டிருந்தார்கள். அதன் புகை தரைவழியாக உள்ளே ஏறியதை, கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதித்துக் கண்டுபிடித்தார்கள்.

ஊருக்குத் திரும்பியதும், "வண்டியை வித்திருவோம்" என்றேன். மனைவிதான் தடுத்தாள். "தப்பு வண்டி மேலயா? உங்க மேலதானே? முறையாச் செய்ங்க!"

முறையாகச் செய்ய விசாரித்தேன். வடக்கே ஓட்டிப் பழகிய லாரி டிரைவர்களைப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். வண்டியோடு வருகிற ஹீட்டர், இன்ஜின் சூட்டைத்தான் உள்ளே தள்ளுகிறது. ஓடும்போது பிரமாதம். நிறுத்திவிட்டால் ஆறிப்போகும். ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கலாமா? கூடவே கூடாது. பனி வந்து சைலன்ஸர் வாயை மூடினால் புகை உள்ளேதான் வரும்.

சரி, கரண்ட் ஹீட்டர்? கணக்குப் போட்டேன். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1200 வாட்-மணி. 1000 வாட் ஹீட்டரை மாட்டினால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் பேட்டரி படுத்துவிடும். மீதி ராத்திரிக்கு? கூட்டு பஜனைதான்! லாட்ஜ் வாசலில் நிறுத்தி, கரண்ட் இழுக்க விட்டால் மட்டும் உதவும்.

புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரை, கரி அடுப்பின் தம்பி என்று நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற காற்றைத் தின்று, உள்ளேயே கழிவை விடும். போதாததற்குக் கண்ணாடியெல்லாம் வேர்த்து, படுக்கை நசநசக்கும்.

கடைசியில் தேறியது டீசல் ஹீட்டர். ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பேஷர் கம்பெனிகள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவை. சீனத் தயாரிப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. அமைப்பு ரொம்ப எளிது. டீசல் எரிகிற அறை தனி. நாம் மூச்சுவிடுகிற காற்று தனி. எரிய வேண்டிய காற்று வெளியிலிருந்து ஒரு குழாய் வழியாக வரும். புகை இன்னொரு குழாய் வழியாக வெளியே போய்விடும். நடுவிலிருக்கிற உலோகச் சுவரின் சூட்டை மட்டும் ஒரு ஃபேன் உள்ளே ஊதும். சுருக்கமாக... சூடு உள்ளே, புகை வெளியே!

என் வண்டி அளவுக்கு 2 கிலோவாட் போதும். "அஞ்சு போடுங்க, ஜம்முனு இருக்கும்" என்றார் மெக்கானிக் தம்பி. மறுத்துவிட்டேன். பெரிதை வாங்கி எப்போதும் குறைத்தே ஓட்டினால் உள்ளே கரி அடையும். முழுசாக ஓடினால் மணிக்குக் கால் லிட்டர் டீசல். குறைத்து ஓட்டினால் அதில் பாதி.

மாட்டும்போதுதான் எங்களுக்குள் நிஜச் சண்டை. தரையில் பிளைவுட் மேலேயே வைத்து முடுக்கப் பார்த்தார். பிளைவுட்டை வெட்டி, இரும்புத் தரையில் கேஸ்கட் வைத்து உட்காரவைக்கச் சொன்னேன். புகைக்குழாயை வண்டிக்கு அடியிலேயே விட்டுவிட்டு, "யாரு கண்ணுலயும் படாது அண்ணாச்சி, அழகா இருக்கும்" என்றார்.

"அடியில விட்டா புகை அங்கேயே தேங்கி, இடுக்கு வழியா மேல ஏறும் தம்பி. பக்கவாட்டுல வெளியே கொண்டு வா. ஜன்னலுக்குக் கீழே வேண்டாம். காத்து இழுக்கிற குழாய் வாயும் இதுக்குப் பக்கத்துல வேண்டாம். டீசல் குழாய் தள்ளியே போகணும்."

"ஒரு ஹீட்டருக்கு இவ்வளவு வாஸ்துவா?"

கொடைக்கானல் கதையைச் சொன்னேன். அப்புறம் தம்பி வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு கிளாம்ப்பையும் இரண்டு தடவை முடுக்கினார். தரையில் போட்ட ஓட்டைகளைச் சூடு தாங்குகிற ஸீலன்ட் வைத்து அவரே அடைத்தார்.

ஹீட்டரைவிட முக்கியமாக நான் வாங்கியது, உள்ளங்கை அகல கார்பன் மோனாக்ஸைடு அலாரம். படுக்கும்போது தலை இருக்கிற உயரத்தில் மாட்டியிருக்கிறேன். கேஸ் சிலிண்டர் கசிவுக்கான அலாரம் வேறு. அந்த கேஸ் கனமானது என்பதால் அதைத் தரையோரம் மாட்ட வேண்டும். ஒன்றை வைத்து இன்னொன்றின் வேலையை வாங்க முடியாது.

இன்னும் சில கட்டளைகள் உண்டு. டீசல் போடும்போது ஹீட்டரை அணைக்கணும். அணைத்ததும் மெயினைப் பிடுங்கக் கூடாது. ஃபேன் சுற்றிச் சூடு ஆறட்டும். மலை உயர உயரக் காற்று மெலியும், கரி அடையும். அதற்கேற்ப அட்ஜஸ்ட் செய்யணும். கடுங்குளிரில் சாதா டீசல் கெட்டியாகிவிடும். லடாக் பக்கத்துக்கென்று 2019-லேயே இந்தியன் ஆயில் குளிர்கால டீசல் கொண்டுவந்துவிட்டது. வண்டி அமைப்பை மாற்றினால் ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கணும். நம்ம ஊர் டிரைவர்களுக்கு ஒன்று: பட்டாசு ஏற்றுகிற வண்டிக்கு இந்த யோசனையே வேண்டாம்!

எல்லாம் முடிந்து, சோதனை ஓட்டம். சூலக்கரையில், வைகாசி மாதம், பகல் பன்னிரண்டு மணிக்கு, கதவையெல்லாம் சாத்திக்கொண்டு ஹீட்டரைப் போட்டு உள்ளே உட்கார்ந்தேன். தெருவே கூடிவிட்டது. "அண்ணாச்சிக்கு என்னமோ ஆயிருச்சு" என்று ஒரு கிழவி என் மனைவியிடம் துக்கம் விசாரித்தார். அரை மணி நேரம் அலாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை பூஜ்யம்! சொட்டச் சொட்ட நனைந்து இறங்கியவனுக்கு மெக்கானிக் தம்பி நன்னாரி சர்பத் வாங்கித் தந்தார்.

போன மார்கழியில் மறுபடி கொடைக்கானல். பேத்தி வண்டியில் ஏறியதும் படுக்கையைப் பார்க்கவில்லை. அலாரத்தின் பட்டனை அமுக்கி, அது 'கீ' என்று கத்தியதும்தான் போர்வையை இழுத்துக்கொண்டாள். வெதுவெதுப்பில் இரண்டே நிமிஷத்தில் தூங்கிப்போனாள்.

நான் தூங்கவில்லை. விடிகிறவரைக்கும் அவள் மூச்சுவிடுவதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் எழுந்ததும் அவள் கேட்டாள்: "தாத்தா, பரோட்டா இருக்கா?"

அடுத்த வருஷம் ஸ்ரீநகர்!