ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ஓர் எண்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் உள்ள ஒருவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'எஸ்.சி.சி. ஆன்டிஜென்' என்று ஒரு வரி இருக்கும். எதிரே ஓர் எண், பெரும்பாலும் தடித்த எழுத்தில். பக்கத்தில் இயல்பான அளவு 1.5-க்குள் என்று பல லேப்களில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இன்னும் எத்தனை காலம்?" என்பதுதான். அந்த எண்ணுக்கு அதைச் சொல்லத் தெரியுமா? ஒரு டீ குடிக்கும் நேரத்தில் நாம் சேர்ந்தே பார்த்துவிடலாம்.

முதலில் அந்தப் பெயர். கர்ப்பப்பை வாயின் மேற்பரப்பைத் தட்டையான செல்கள் போர்த்தியிருக்கின்றன. அவற்றுக்கு ஸ்குவாமஸ் செல்கள் என்று பெயர். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் அவற்றில்தான் தொடங்குகிறது. அந்தச் செல்கள் உண்டாக்கும் ஒரு புரதம்தான் எஸ்.சி.சி. ஆன்டிஜென். 1977-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கத்தோவும் தோரிகோயும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக் கட்டியிலிருந்தே இதைப் பிரித்தெடுத்தார்கள். ரிப்போர்ட்டில் உள்ள 1.5 என்பது நானோகிராம் கணக்கு. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோகிராம்.

இதை அடுப்புப் புகையைப்போல நினைத்துக்கொள்வோம். உள்ளே எரியும் நெருப்பு நம் கண்ணுக்குத் தெரியாது. வெளியே வரும் புகையை வைத்து ஓரளவு கணிக்கிறோம். சிகிச்சைக்கு முன்பே அளவு மிக அதிகமென்றால், கட்டி பெரிதாக இருக்கவோ நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கவோ வாய்ப்பு கூடுதல். ரேடியேஷனும் கீமோவும் முடிந்தபின் அளவு இறங்க வேண்டும். இறங்கியது மறுபடி ஏறினால், எங்கோ கங்கு மிஞ்சியிருக்கிறதா என்று மருத்துவர் ஸ்கேன் எடுத்துத் தேடுவார்.

ஆனால் புகை வேறு வீட்டிலிருந்தும் வரும். சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களிலும் சிறுநீரகக் கோளாறிலும் இந்தப் புரதம் கூடும். புகையாமல் எரியும் நெருப்பும் உண்டு: சுரப்பிச் செல்களில் தொடங்கும் அடினோகார்சினோமா வகையில் இந்த அளவு பெரும்பாலும் ஏறுவதே இல்லை. அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை விட, அடுத்தடுத்த ரிப்போர்ட்டுகளில் அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

இன்னொரு புரதம் பி.டி.-எல்1. இதை ரத்தத்தில் அல்ல, பயாப்சி எடுத்த சதையில் பார்க்கிறார்கள். நம் உடலைக் காக்கும் டி-செல்கள் புற்றுச் செல்லைத் தாக்க வரும்போது, இந்தப் புரதம் அவற்றைப் பற்றிக்கொண்டு செயலற்றுப்போகச் செய்கிறது. பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து அந்தப் பிடியைத் தடுக்கிறது. ஆகவே பி.டி.-எல்1 'பாசிட்டிவ்' என்று வந்தால் பயந்துவிட வேண்டாம். இந்த மருந்து பலன் தரக்கூடும் என்பதே அதன் பொருள்.

எல்லோரும் தடுமாறும் இடம் இனிமேல்தான். இந்த எண்களை நாம் தனி ஒருவரின் தலையெழுத்தாகப் படித்துவிடுகிறோம். அவை பேசுவது ஒரு பெரும் கூட்டத்தைப் பற்றி. முதல் சிகிச்சைக்குப் பின்னும் நோய் நீடித்த, திரும்ப வந்த, அல்லது உடலில் பரவிய 617 பெண்களிடம் இந்த மருந்தைச் சோதித்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. அவர்களில் பி.டி.-எல்1 உள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்ப்போம். கீமோவுடன் இந்த மருந்தும் பெற்றவர்களில் 100-க்கு 53 பேர் இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்கள். மருந்து பெறாதவர்களில் 42 பேர்.

இந்த இரண்டு எண்களையும் நிதானமாகப் பார்ப்போம். 11 பேர் வித்தியாசம் என்பது உண்மையான, பெரிய நன்மை. அதே சமயம், மருந்து பெற்றும் 47 பேர் பிழைக்கவில்லை. பெறாமலே 42 பேர் பிழைத்தார்கள். நம் வீட்டுப் பெண் இதில் எந்தப் பக்கம் என்று புரதத்துக்குத் தெரியாது. எந்த வழியில் போனால் வாய்ப்பு அதிகம் என்று மட்டுமே அது சொல்லும். கட்டியின் அளவு, நோயின் நிலை, நிணநீர்க் கணுக்கள், உடலின் வலு, சிகிச்சையை இடையில் விடாமல் முடித்தது எல்லாம் சேர்ந்துதான் மீதியைத் தீர்மானிக்கின்றன.

ஆகவே ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கூகுளில் தேடி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். லேபுக்கு லேப் அளவு மாறும் என்பதால் முடிந்தவரை ஒரே லேபில் பரிசோதனை செய்யுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரிடம் "இந்த எண்ணால் நம் சிகிச்சையில் ஏதாவது மாறுமா?" என்று கேளுங்கள். இந்தப் புரதங்களை அளப்பதே அந்தக் கேள்விக்கு விடை காணத்தான்.