குளிர் பட்டால்தான் பூக்கும் ஹயசிந்த்!

மல்லிகைக்கு வெயில் வேண்டும். ஹயசிந்த் பூவுக்கோ குளிர் வேண்டும். பார்ப்பதற்குப் பெரிய வெங்காயம் போலிருக்கும் இதன் கிழங்கைக் குளிர்காலத் தொடக்கத்தில் தலைநகரின் நாற்றுப்பண்ணைகளில் காணலாம். தொட்டியில் நட்டு வைத்தால், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரே தண்டில் முப்பது, நாற்பது சிறு பூக்கள் நெருக்கமாகப் பூத்து வீடு முழுவதும் மணக்கும். நீலம், வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா, மஞ்சள் எனப் பல நிறங்கள் உண்டு.

பிறந்த இடம்

துருக்கியின் தென்பகுதி, சிரியா, லெபனான் ஆகிய நாடுகளின் மலைச்சரிவுகளே இதன் தாயகம். அங்கே கோடையில் மழை கிடையாது; குளிர்காலத்தில்தான் மழையும் பனியும். ஆகவே இச்செடி கோடை முழுவதும் மண்ணுக்குள் கிழங்காக உறங்கும். அந்த உறக்கத்திலேயே அடுத்த வசந்தத்துக்கான மொட்டு கிழங்குக்குள் உருவாகிவிடும். பிறகு பல வாரம் குளிர் பட்டால்தான் பூந்தண்டு நீளும். குளிர் போதாவிட்டால் தண்டு குட்டையாகி, பூ இலைகளுக்கு நடுவிலேயே சிக்கிக்கொள்ளும்.

பாரசீகத்தில் இதற்கு சும்புல் என்று பெயர். காதலியின் சுருள் கூந்தலுக்கு இதை உவமை சொல்வது பாரசீக, உருதுக் கவிஞர்களின் மரபு. ஈரானியர் நவ்ரோஸ் புத்தாண்டு விரிப்பிலும் இப்பூவை வைப்பார்கள்.

நம் ஊர்க் குளங்களை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரைக்கு ஆங்கிலத்தில் 'வாட்டர் ஹயசிந்த்' என்று பெயர் இருந்தாலும், இரண்டுக்கும் உறவில்லை. இது தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். மாலை கட்டும் சம்பங்கியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

விலை ஏன் அதிகம்?

16-ம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்ற ஹயசிந்த், ஹாலந்தில் ஹார்லெம் நகரைச் சுற்றிய மணற்பாங்கான நிலத்தில் செழித்தது. 1730-களில் அபூர்வ ரகங்களின் விலை சூதாட்டம் போல ஏறி, பின்னர் சரிந்தது.

விதை போட்டால் பூக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். தாய்ச்செடியின் நிறமும் வராது. எனவே கிழங்கின் அடித்தட்டைக் கத்தியால் குடைந்து எடுத்துவிடுவார்கள். வெட்டுப்பட்ட இடத்தில் சிறு குட்டிக் கிழங்குகள் பல முளைக்கும். அவை விற்பனைக்குரிய அளவுக்குப் பருக்க மேலும் மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஒரு கிழங்கின் விலையில் இத்தனை ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது.

கிழங்கைக் கையாளும் தொழிலாளிகளுக்குத் தோல் அரிப்பு வருவதும் உண்டு. அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் துகள்களே காரணம். கையுறை அவசியம். வெங்காயம் என்று எண்ணிச் சமைத்துவிடக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாகும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

வளர்க்கும் முறை

அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ நடலாம். மணல் கலந்த, நீர் தேங்காத மண் வேண்டும். கிழங்கின் நுனி மண்ணுக்கு மேல் சற்றே தெரியட்டும். முளை இரண்டு அங்குலம் வளரும்வரை குளிர்ந்த, இருட்டான மூலையில் வைத்துப் பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம். கழுத்துக் குறுகிய கண்ணாடிக் குவளையிலும் வளரும். வேர்தான் நீரைத் தொட வேண்டும், கிழங்கு தொட்டால் அழுகும்.

பெங்களூரு, மும்பை போன்ற இடங்களில் குளிர் போதாது. கிழங்கைக் காகிதப் பையிலிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு வாரம் வைத்து நடலாம். பக்கத்தில் பழம் இருக்கக் கூடாது. பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும்.

மறுவருஷம் பூக்குமா?

பூ உதிர்ந்ததும் தண்டை மட்டும் வெட்டி, இலைகளைத் தானாகப் பழுக்கும்வரை விட வேண்டும். அந்த இலைகள்தான் அடுத்த பூவுக்கான உணவைக் கிழங்கில் சேர்க்கின்றன. மலைநாட்டில் இதற்கு நீண்ட வசந்தம் கிடைக்கும். ஸ்ரீநகரில் உள்ள டூலிப் தோட்டத்தில் ஹயசிந்த் பூத்துக் குலுங்குவது அதனால்தான். சமவெளியிலோ ஏப்ரல் வெயில் இலையைச் சீக்கிரமே கருக்கிவிடுகிறது; கிழங்கு இளைத்து, மறுவருஷம் பூ சிறுக்கும் அல்லது பூக்காது.

ஆகவே மாதச் சம்பளக் குடும்பத்தார் டஜன் கணக்கில் வாங்க வேண்டியதில்லை. கெட்டியான, கனமான, பூஞ்சணம் பிடிக்காத கிழங்காக ஒன்றிரண்டு போதும். ஒரு கிழங்கின் பூவே ஓர் அறையை இரண்டு வாரம் மணக்க வைக்கும்.