பத்தாயமும் பாங்குப் புத்தகமும்

நாஞ்சில் நாடு என்று சொன்ன மாத்திரத்தில் நெல்வயல் கண்முன் நின்ற காலம் ஒன்று உண்டு. தோவாளை, அகஸ்தீசுவரம் என்னும் இரண்டு தாலுகாக்களே பழைய நாஞ்சில் நாடு. சிறிய பிரதேசந்தான், ஆயினும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம் என்று அது புகழ் பெற்றிருந்தது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இந்த மண்ணை நனைக்கின்றன. 1906-ஆம் ஆண்டில் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தபின், கோதையாற்றுத் தண்ணீரும் கால்வாய் வழியே வயலைத் தேடி வந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு போகம் விளைந்தது.

அக்காலத்தில் ஒரு குடும்பத்தின் வருமானம் எவ்வளவு என்று கேட்டால் ரூபாய்க் கணக்குச் சொல்ல மாட்டார்கள். இத்தனை கோட்டை நெல் என்றே சொல்வார்கள். பத்தாயத்தைத் திறந்து பார்த்த பிறகே பெண்ணின் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது வழக்கம். நிலமில்லாதவரும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலியை நெல்லாகவே பெற்றார்கள்.

இன்று அதே ஊரில் அதே கேள்வியைக் கேட்டால், பத்தாயத்தைக் காட்டுவோர் அரியர். பாங்குப் புத்தகத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதில் வரவு வைத்த பணம் துபாயிலிருந்தோ, திருவனந்தபுரத்திலிருந்தோ, சென்னையிலிருந்தோ வந்ததாக இருக்கும். இந்த மாறுதல் எப்படி நேர்ந்தது, இதனால் நம் குடும்பங்களுக்கு விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பதைச் சற்று விசாரிப்போம்.

பழமையின் மறுபக்கம்

பத்தாயக் காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. நெல் விளைந்தது, அதை விளைவித்தவன் வயிறு எப்போதும் நிறைந்ததில்லை. நிலமுள்ள குடும்பங்களிலும் நிம்மதி இருக்கவில்லை. மருமக்கள் வழி முறையால் தகப்பன் சொத்து மகனுக்குச் சேராமல் போன கொடுமையைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள் வழி மான்மியம்’ என்னும் நூலில் சிரிப்பும் கண்ணீரும் கலந்து எடுத்துக் காட்டினார். 1926-இல் சட்டம் வந்து அம்முறைக்கு முடிவு கட்டியது. பிள்ளைகளுக்கு உரிமை கிடைத்தது. கூடவே நிலம் பாகமாகி, துண்டு துண்டாயிற்று. துண்டு நிலத்தை நம்பி ஒரு குடும்பம் ஜீவிக்க முடியாத நிலை வந்தபோது, பிள்ளைகளைப் படிக்க வைப்பதே வழி என்று பெற்றோர் கண்டார்கள்.

படிப்புக்கு இங்கே குறைவில்லை. நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-லேயே கல்லூரி அந்தஸ்தை அடைந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் தாய்த் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி ஜில்லாவாயின. 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் எழுத்தறிவில் முதலிடம் இந்த ஜில்லாவுக்கே: நூற்றுக்கு 91.75 பேர். நமக்கு இது பெருமைதான். ஆனால் படித்த அத்தனை பேருக்கும் இந்த மண்ணில் வேலை உண்டா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே நம் பெருமை சற்று வாட்டமடைகிறது.

ஒரு குடும்பத்தின் வரவு

உதாரணத்துக்குக் கல்குளம் பக்கத்தில் ஒரு குடும்பத்தை மனத்தில் கொள்வோம். தாத்தாவுக்கு முப்பது சென்ட் நிலம். அதில் தென்னையும் கொஞ்சம் ரப்பரும் நிற்கின்றன. தகப்பனார் வளைகுடா நாட்டில் கட்டிட வேலையில் இருக்கிறார். தாயார் அண்டி ஆபீசுக்குப் போகிறார். மூத்த பெண் பி.எஸ்ஸி. முடித்து வீட்டில் இருக்கிறாள். பார்வைக்கு மூன்று வரவுகள் உள்ள குடும்பம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ரப்பர். கன்று வைத்து ஏழாண்டு காத்திருந்தால்தான் பால் வெட்ட முடியும். விடியுமுன் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போக வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. இலையுதிர்ந்து துளிர்க்கும் காலத்திலும் இல்லை. விலையோ நம் கையில் இல்லை. 2011-இல் கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறி நின்ற ரப்பர், 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நூறு ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. மரம் அதேதான், உழைப்பும் அதேதான், வரவு மட்டும் பாதியாயிற்று.

இரண்டாவது, தாயாரின் கூலி. அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிப் பருப்புத் தொழிற்சாலை என்று வெளியூர் நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் ஏராளமான ஸ்திரீகளுக்குச் சோறு போடுவது இத்தொழிலே. கொட்டையை வறுத்து, உடைத்து, உலர்த்தி, தோலை உரித்து, தரம் பிரிக்கிறார்கள். ராத்தலுக்கு 320 பருப்பு நிற்பது ஒரு தரம். இந்த நுட்பமான வித்தியாசத்தைப் பெண்களின் கண்ணும் விரலுமே கண்டு பிரிக்கின்றன. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையைக் கறுப்பாக்கித் தோலைப் பொசுக்கும். கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. கொட்டை வராத மாதம் ஆபீஸ் மூடிக் கிடக்கும். வியட்நாமில் இயந்திரத்தால் உடைக்கும் பருப்போடு போட்டியிட முடியாமல் ஆலைகள் தடுமாறும்போது, முதலில் வெட்டுப்படுவது இந்தத் தாயாரின் கூலிதான். அப்படியிருந்தும் பால், காய்கறி, பள்ளிக்கூடச் செலவு ஆகிய அன்றாடத் தேவைகள் இந்தக் கூலியில்தான் நடக்கின்றன. ‘வீட்டில் சம்பாதிக்கிறவர் யார்?’ என்று கேட்டால், ‘அவர் வளைகுடாவில் இருக்கிறார்’ என்று அந்த அம்மாளே பதில் சொல்வார்!

மூன்றாவது, வெளிநாட்டுப் பணம். வீட்டுக்குக் கான்கிரீட் கூரை போட்டதும், கடனைத் தீர்த்ததும், பெண்ணைப் பட்டதாரி ஆக்கியதும் அதுவே. அதன் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1990-இல் குவைத்தை இராக் ஆக்கிரமித்தபோதும், 2020-இல் பெருந்தொற்றுப் பரவியபோதும், பெட்டியும் கையுமாய்த் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்! நம் கணக்கில் நிரந்தரம் என்று எழுதி வைத்த வரவு, உண்மையில் எங்கோ ஒருவர் போடும் கையெழுத்தில் தொங்குகிறது.

கடலோரத்துக் கணக்கு

கடற்கரை ஊர்களில் கதை இன்னும் கடுமையானது. தூத்தூரையும் அதைச் சார்ந்த ஊர்களையும் சேர்ந்தவர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் நிபுணர்கள். விசைப்படகுகளுக்கு வருஷத்தில் 61 நாள் தடைக்காலம். அந்நாட்களில் பலருக்குக் கடனே துணை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர் கரை திரும்பவில்லை. ஒரே இரவில் வருமானம் முழுவதையும் இழந்த குடும்பங்களில், அதுவரை வீட்டு வரவு செலவைப் பாராத பெண்கள் அந்தப் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. முன்கூட்டியே கற்றுக் கொடுத்திருக்க வேண்டிய பாடம் அது.

படித்த பெண் எங்கே?

நம் உதாரணக் குடும்பத்தின் மூத்த பெண்ணை மறந்துவிடவில்லை. எழுத்தறிவில் தலைநிமிர்ந்து நிற்கும் இந்த ஜில்லாவில், வேலை செய்வோர் என்று கணக்கில் பதிவான பெண்கள் ஆண்களை நோக்க மிகச் சிலரே. தாய் செய்யும் அண்டி வேலைக்கு மகள் போக மாட்டாள். போக வேண்டும் என்று தாயும் விரும்பவில்லை. அதற்காகவா படிக்க வைத்தாள்? மகளின் படிப்புக்கு ஏற்ற வேலையோ பக்கத்தில் இல்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை. இருபதாண்டுகளாக வகுப்பில் பாடம் சொல்லிவரும் நமக்கு, முதல் மதிப்பெண் வாங்கிய பெண்களில் பலர் வேலையின்றி வீட்டில் இருப்பதைக் காணும்போது நெஞ்சு கனக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

ரப்பர், ஷீட்டாக வெளியூர் போய் டயராகத் திரும்பி வருகிறது. ஈத்தாமொழித் தேங்காய்க்கும், 2023-இல் மட்டி வாழைப்பழத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் காயையும் பழத்தையும் அப்படியே லாரியில் ஏற்றி அனுப்புவதோடு நம் வியாபாரம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பொருளைக் கச்சாவாக அனுப்பும் நாடு, பிள்ளைகளையும் அப்படியே அனுப்ப நேரும். சுதேசி இயக்கம் நமக்குக் கற்பித்த பாடம் இதுதானே? ரப்பர்ச் சாமான்கள், தேங்காய் எண்ணெய், கயிறு, பழப் பண்டங்கள், மீன் பதனிடுதல் ஆகியவற்றைப் படித்த இளைஞரும் பெண்களும் கூட்டுறவு முறையில் இங்கேயே நடத்தச் சர்க்காரும் பாங்குகளும் துணை நிற்க வேண்டும்.

குடும்பங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. வெளிநாட்டுப் பணத்தில் ஒரு பங்கையாவது விதைநெல்லாகக் கருதித் தனியே வையுங்கள். முழுவதையும் கல்யாணப் பந்தலிலும் மாளிகைச் சுவரிலும் கரைத்துவிடாதீர்கள். ஜில்லா உருவான காலத்தோடு ஒப்பிட்டால் நெல் விளையும் பரப்பு இன்று பாதிக்கும் மிகக் கீழே போய்விட்டது. வயலை மண்ணிட்டு மூடி வீட்டுமனை ஆக்கினால் ஒரு முறை பணம் வரும். பிறகு வயலும் வராது, நிலத்தடி நீரும் தங்காது.

கடைசியாக ஒன்று. இன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வீட்டின் வரவுகளைத் தனித்தனியே எழுதுங்கள். அம்மாவின் கூலி, பாட்டி விற்கும் தேங்காய், அக்காளின் டியூஷன் பணம் எல்லாம் அதில் ஏறட்டும். எந்த வரவு எந்த மாதம் நிற்கக்கூடும் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். வீட்டைத் தாங்குகிற கைகள் எத்தனை என்பது அப்போது தெரியும். அந்தக் கைகளுக்கு வேண்டிய மரியாதையும் வேலையும் இந்த மண்ணிலேயே கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற உறுதியும் பிறக்கும்.